பின் ஆக்ஸிலுக்கு எந்த லாக்கர்? எப்படிப் பூட்டும் என்பதைவிட எப்படித் திறக்கும் என்று பாருங்கள்

மகேந்திரா தார் ஓட்டுகிறவர், மாருதி ஜிம்னி புக் செய்துவிட்டுக் காத்திருப்பவர், அப்பாவின் பழைய மாருதி ஜிப்சியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தவர் என்று மூன்று விதமான ஆட்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். பின் ஆக்ஸிலுக்கு லாக்கர் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற சாதனம்) போடலாமா, போட்டால் எதைப் போடுவது? ஒரே வரியில் பதில் சொன்னால் இந்த மூவரில் இரண்டு பேருக்காவது அது தப்பாகப் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொல்லிமலையில் நண்பரின் மிளகுத் தோட்டத்துக்கு இறங்குகிற செம்மண் தடத்தில், ஒரு ஐப்பசி மழைக்கு மறுநாள், என் ஜிப்சி அப்படியே நின்றுபோனது. இடது பின்சக்கரம் தண்ணீர் அரித்த பள்ளத்தின் மேல் தொங்குகிறது, எதிர் மூலையில் வலது முன்சக்கரத்துக்கும் பிடி இல்லை. நண்பர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, நான் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தேன். இடது டயர் சேற்றை வாரி இறைக்கிறது. வலது டயர் கெட்டி மண்ணில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதில் ஒட்டியிருந்த பலா இலை இம்மிகூட அசையவில்லை.

அந்த இலையைப் பார்த்தாலே ஓப்பன் டிஃப்ரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு) என்ன செய்கிறது என்று புரிந்துவிடும். அது இரண்டு பக்கத்துக்கும் டார்க்கை, அதாவது சுழற்றுகிற விசையை, சமமாகத்தான் பிரிக்கும். தொங்குகிற சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய டார்க்கே தேவையில்லை, ஆகவே மண்ணில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லாத அளவுதான் போய்ச் சேரும். மூலைக்கு மூலை இப்படிப் பிடி போய்விட்டால் ஃபோர் பை ஃபோர் என்று பின்னால் எழுதியிருப்பதால் ஒரு பயனும் இல்லை. லாக்கர் செய்கிற வேலை, இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் ஒரே தண்டு போலச் சேர்த்துவிடுவது. தொங்குகிற சக்கரம் சுற்றினால் நிற்கிற சக்கரமும் சுற்றியே ஆகவேண்டும்.

முன்னால் போடாமல் பின்னால் போடுவது ஏன் என்றும் கேட்கிறார்கள். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது, அங்கேதான் பிடி அதிகம். அப்புறம், முன் ஆக்ஸிலைப் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒன்றுதான் போட முடியும் என்றால் பின்னால்தான்.

எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலானோர் பார்ப்பது விலையும் "எவ்வளவு ஸ்ட்ராங்" என்பதும். நான் வேறு வரிசையில் பார்ப்பேன்.

முதலாவது, அது எப்படித் திறக்கிறது. பூட்டுவது எல்லா லாக்கரும் செய்கிற வேலைதான். நனைந்த தார் ரோட்டில், கொண்டை ஊசி வளைவில், நீங்கள் வேண்டாம் என்று நினைக்கிற நொடியில் அது திறந்திருக்குமா? திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் ஒரே வண்டியை ஓட்டுகிற நமக்கு இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

சரிவுத் தடத்துக்கும் இது பொருந்தும், இதைப் பலர் யோசிப்பதில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஈரமான மண்ணில் போகும்போது, ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றது சுற்றாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி நழுவாமல் தடுப்பது அந்தச் சக்கரம்தான். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், பின்பக்கம் அப்படியே கீழே போகும். ஆக, லாக்கரைத் திறந்து வைக்க முடிகிற வசதி மண் ரோட்டிலும் வேண்டும்.

இரண்டாவது, யார் மாட்டுவார்கள், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள். மூன்றாவது, உங்கள் ஆக்ஸில் ஷாஃப்ட் தாங்குமா. ஓப்பனில் ஒரு ஷாஃப்டுக்கு மொத்த டார்க்கில் பாதிக்கு மேல் போகாது. பூட்டினால் பிடி இருக்கிற ஒரே சக்கரத்தின் ஷாஃப்ட் வழியாக முழுவதும் போகலாம், அதாவது இரண்டு மடங்கு. இதோடு பெரிய டயரும் போட்டு, பாறையில் சக்கரம் சிக்கியிருக்கும்போது மிதித்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். நான்காவதுதான் விலை, அதிலும் பெட்டியின் மேல் ஒட்டிய விலையோடு நிற்காமல் கூலி, வரி, வாரண்டி எல்லாம் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கம்பெனி தரும் தானியங்கி மெக்கானிக்கல் லாக்கர்

தாரில் 2015 மாடலிலிருந்து பார்க்கிற, ஈட்டன் நிறுவனத்தின் லாக்கர் இது. 2020-இல் வந்த புதிய தாரிலும் உண்டு, ஆனால் எல்லா வேரியண்ட்டிலும் இல்லை. சிலவற்றில் பிரேக்கை வைத்துச் சமாளிக்கிற முறைதான் இருக்கிறது, ஷோரூமில் வேரியண்ட் பெயரைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே சின்ன கவர்னர் எடைகள் இருக்கின்றன. இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் அவை விரிந்து கொக்கியில் மாட்டும், கேம் தகடு ஏறும், கிளட்ச் தட்டுகள் அழுந்தி ஆக்ஸில் பூட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. ரோட்டில் அது இருப்பதே தெரியாது, திறக்கிற கேள்வியில் முழு மதிப்பெண் தரலாம்.

இதில் சிரமம், சக்கரம் சுற்றினால்தான் அது விழித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவர்கள் சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், லாக்கர் பூட்டுவதற்கு முந்தைய நொடியில். பயப்படாமல் ஒரே சீராக மிதிக்கவேண்டும், "டக்" என்று காலடியில் ஒரு அதிர்வு தெரியும், வண்டி ஏறிவிடும். ஆனால் அந்த ஒரு நொடிச் சுழற்சியில் டயர் கொஞ்சம் தோண்டிவிடும், பாறை ஓரத்தில் என்றால் வண்டி எதிர்பாராத பக்கம் துள்ளலாம். ஆக்ஸிலரேட்டரை ரேஸில் போல மிதித்துப் பூட்டவைத்தால் உள்ளே இருக்கிற உறுப்புகள் அந்த அடியை வாங்குகின்றன, பெரிய டயர் போட்ட வண்டிகளில் இவை உடைவது உண்டு.

என் கருத்து: உங்கள் தாரில் இது ஏற்கெனவே இருந்தால், குறைந்தது இரண்டு மழைக்காலம் இதோடு ஓட்டாமல் வேறு லாக்கருக்குப் பணம் எடுக்காதீர்கள்.

பிரேக்கை வைத்துச் சமாளிப்பது

2023-இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியில் லாக்கர் கிடையாது. ஓப்பன் டிஃப்ரன்ஷியல்தான், ஆனால் ஏபிஎஸ் கணினி எந்தச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது என்று பார்த்து அதை மட்டும் பிரேக் பிடிக்கும். சுற்றுகிற பக்கத்தில் எதிர்ப்பு வந்ததும் மற்ற பக்கத்துக்கும் அதே அளவு டார்க் போகும், பலா இலை அசைய ஆரம்பிக்கும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கிற தாழ் கியரில்) போட்டால் இது இன்னும் முனைப்பாக வேலை செய்யும், எஞ்சின் சக்தியையும் குறைக்காது.

எடை குறைந்த வண்டி என்பதால் ஜிம்னிக்கு இது நினைப்பதைவிட அதிகமாகவே போதும். "டர்ர்ர்" என்று பிரேக் சத்தம் வரும்போது காலை எடுக்காமல் பொறுமையாக மிதித்துப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். நீண்ட சேற்று ஏற்றத்தில் திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் பிரேக் சூடாகும், வேகமும் கிடைக்காது. ஒரு சக்கரம் முழுக்கத் தொங்குகிற பாறைத் தடத்தில் லாக்கருக்கு ஈடாகாது. ஆனால் மாட்டும் கூலி இல்லை, வாரண்டி போகாது, ரோட்டில் எந்த ஆபத்தும் இல்லை.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு கைவைத்தியம்: ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் பிடிக்கிற வண்டி என்றால், மாட்டிக்கொண்ட நேரத்தில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் ஏற்றிவிட்டு மெதுவாக மிதித்துப் பாருங்கள். கணினி செய்வதையே கையால் செய்கிறீர்கள். கொல்லிமலையில் அன்றைக்கு நாங்கள் அப்படித்தான், பள்ளத்தில் இரண்டு கல்லையும் அடைத்து, வெளியே வந்தோம்.

சக்கரம் வழுக்குவதைக் கொஞ்சம் மட்டும் கட்டுப்படுத்துகிற எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்), அதில் கிளட்ச் தட்டு வகை, பல்சக்கர வகை என்று வெளியே கிடைப்பவையும் இந்த வகையோடு சேர்ந்தவைதான். மழை ரோட்டுக்கும் கிராவலுக்கும் நல்லவை. சக்கரம் காற்றில் தொங்கினால் பல்சக்கர எல்எஸ்டி பிரேக் துணையில்லாமல் பெரிதாக உதவாது, தட்டு வகைக்கு அதற்கென்ற ஆயில் வேண்டும், தட்டு தேயவும் தேயும்.

லஞ்ச்பாக்ஸ் லாக்கர்

விலை குறைவு என்பதால் ஜிப்சி, பழைய ஜீப் வைத்திருக்கிற இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். டிஃப்ரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பார்கள். கிரவுன் பினியனை (எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்புகிற பல்சக்கர ஜோடி) தொடவேண்டாம், பேக்லாஷ் (அந்தப் பற்களுக்கு இடையிலான இடைவெளி) பார்க்கவேண்டாம், கை பழகிய மெக்கானிக் ஒரு நாளில் முடித்துவிடுவார். கூடு பழையதேதான் என்பதால் அதன் பலத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இது எப்போதும் பூட்டியே இருக்கும், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகப் போக நினைக்கும்போது மட்டும் ராட்செட் போல "கடகட" என்று நழுவவிடும். ஆனால் வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நழுவாது. நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பில் ஏற்காடு இறக்கத்தில் நான் பக்கத்து சீட்டில் இருந்தேன், தூறல், ரோடு பளபளவென்று இருக்கிறது. வளைவின் நடுவில் அவர் லேசாக மிதித்து எடுத்தார், அவ்வளவுதான். பின்பக்கம் அரை மீட்டர் வெளியே போய்த் திரும்பி வந்தது. எதிரே பஸ் இல்லை. அவர் இருபது வருடமாக ஜீப் ஓட்டுகிறவர், அதனால் ஸ்டியரிங்கை அடக்கிவிட்டார். அந்த வண்டியை அவர் மகளிடம் கொடுப்பதில்லை.

நீளம் குறைந்த வண்டி, மேனுவல் கியர், நனைந்த மலைப்பாதை இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன், விலை பாதியாக இருந்தாலும். ட்ரெய்லரில் ஏற்றிப் போய்ப் போட்டிக்கு இறக்குகிற வண்டி, தோட்டத்துக்குள்ளேயே ஓடி ரோட்டுக்கு வராத வண்டி என்றால் இதைவிட மலிவான பலன் வேறு இல்லை.

இதோடு ஒன்று. சில பட்டறைகளில் "எதுக்கு சார் லாக்கர், உள்ளே வெல்டு வெச்சுடலாம்" என்பார்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். அது எப்போதுமே திறக்காது, டயர் கரையும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஷாஃப்ட் முறுக்கப்படும்.

ஏர் லாக்கர்

சுவிட்சைத் தட்டினால் காற்று போய் உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும், ஆக்ஸில் முழுக்கப் பூட்டும். சுவிட்சை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும், பழையபடி ஓப்பன். ஆஸ்திரேலிய ஏஆர்பி நிறுவனம் இதில் பெயர் பெற்றது. பூட்டுவதும் திறப்பதும் முழுக்க உங்கள் விரலில் இருக்கிறது, பாறைத் தடத்தில் சக்கரம் சுற்றுவதற்கு முன்பே பூட்டிவிட்டு நடைவேகத்தில் ஏறலாம், டயரும் தடமும் பிழைக்கும். பணமும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் நான் போடுவது இதைத்தான்.

இப்போது மறைந்திருக்கிற செலவு. லாக்கர் மட்டும் வாங்கி ஆகாது, கம்ப்ரஸர் வேண்டும், சுவிட்ச், ஒயரிங், காற்றுக்குழாய் வேண்டும், இறக்குமதி வரி வேறு. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். கம்ப்ரஸர் டயருக்குக் காற்று அடிக்கவும் உதவும் என்பது கணக்கில் ஒரு நல்ல பக்கம், மண்ணில் காற்றை இறக்கியவர் திரும்பி ஏற்றித்தானே ஆகவேண்டும்.

பெரிய செலவு கூலியில் இருக்கிறது. இது டிஃப்ரன்ஷியல் கூட்டையே மாற்றுகிற வேலை. பேரிங் ப்ரீலோட் (பேரிங்கின் இறுக்கம்), ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), பேக்லாஷ், கிரவுனும் பினியனும் தொட்டுக்கொள்கிற அடையாளம் எல்லாம் புதிதாக அமைக்கவேண்டும், ஆக்ஸில் ஹவுஸிங்கில் துளை போட்டு மரை வெட்டிக் குழாயை உள்ளே விடவேண்டும். துளை போட்ட உலோகத்தூள் உள்ளே விழுந்துவிட்டால் அப்புறம் பேரிங்குக்கு எமன். எனக்கு இதில் ஒரு கசப்பு உண்டு. ஒரு பட்டறையில் வேலை முடிந்து வண்டியை எடுத்தேன், 60 தாண்டியதும் பின்னாலிருந்து ஊளை. அவர்கள் "ஓட ஓட செட் ஆகிடும்" என்றார்கள். ஆகவில்லை. இன்னொருவரிடம் பிரித்துப் பார்த்தால் தொடும் அடையாளம் பல்லின் ஓரத்திலேயே விழுந்திருந்தது, பல் முனை மின்ன ஆரம்பித்திருந்தது. கிரவுன் பினியன் ஜோடியே புதிதாக வாங்கவேண்டியதாயிற்று.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். குழாய் சைலன்சர் பக்கம் போனால் உருகும், கல்லில் உரசினால் வெட்டும். உள்ளே இருக்கிற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிந்தால் காற்று ஆக்ஸிலுக்குள் போய், பிரீதர் (ஆக்ஸில் மூச்சுவிடுகிற துளை) வழியாக கியர் ஆயிலைத் துப்பும். ஆக்ஸில் மேல் புதிதாக ஆயில் பூச்சு தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படவேண்டும்.

எலக்ட்ரிக் லாக்கர்

தார் ராக்ஸின் ஃபோர் பை ஃபோர் மாடல்களிலும் டொயோட்டா ஹைலக்ஸிலும் கம்பெனியே வைத்துத் தருவது இந்த வகை. காற்றுக்குப் பதிலாக மின்காந்தமோ சின்ன மோட்டாரோ பூட்டும் வேலையைச் செய்கிறது. கம்ப்ரஸர் இல்லை, குழாய் இல்லை, திறப்பதும் சுவிட்சில். கம்பெனி பொருத்தி வந்தது என்றால் வாரண்டியும் உண்டு, ஏபிஎஸ் கணினியோடு சண்டையும் இல்லை.

வெளியே வாங்கிப் போடுவதில் கூலியும் கிரவுன் பினியன் தலைவலியும் ஏர் லாக்கருக்குச் சமம். சில வகைகளில் முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு கணம் திறந்து மறுபடி பூட்டும், வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறவர்களுக்கு அது எரிச்சல். மோட்டார் வகைக்கு இன்னொரு பழக்கம்: மாதக்கணக்கில் தொடாமல் விட்டு, ஆற்றுத் தண்ணீரிலும் இறக்கினால், தேவைப்படும் நாளில் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். மாதம் ஒரு தடவை மண் தரையில் பூட்டித் திறந்துவிடுங்கள். தனுஷ்கோடி மணலுக்குப் போய் வந்தால் கனெக்டரை நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள், உப்பு அதற்குள் நுழைந்தால் விடாது.

லீவர் லாக்கர்

ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு இதில் தனி மரியாதை. முன்னும் பின்னும் இரண்டு ஆக்ஸிலுக்கும் லாக்கர், தனித்தனியாகக் கையால் இழுத்துப் பூட்டுவது, கம்பெனியிலிருந்தே. வெளியே போய் இரண்டு ஏர் லாக்கர் போடுகிற செலவை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு மிச்சம் என்று புரியும். உரசுவதற்கு ஓ-ரிங் இல்லை, எரிவதற்கு காயில் இல்லை. இழுத்ததும் மாட்டாவிட்டால் வண்டியை ஒரு சாண் நகர்த்தினால் போதும், பல் நேராக வந்து விழும். திறக்கும்போதும் அதே பொறுமை வேண்டும், ஷாஃப்டில் முறுக்கு இருந்தால் லீவர் திரும்பினாலும் உள்ளே திறந்திருக்காது. தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் ஸ்டியரிங்கை நேராக்கிக் கொஞ்சம் பின்னால் எடுத்துவிட்டுப் போங்கள்.

சரி, யாருக்கு எது

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஏறுகிற ஜீப் டிரைவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய மகேந்திரா ஜீப், லாக்கர் பேச்சே இல்லை, வண்டி நிறைய ஆட்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை எஸ்டேட் ரோட்டில் போகிறவருக்கு அந்தப் பழக்கமும், நல்ல ஆல் டெரெயின் டயரும், காற்றை இறக்கத் தெரிந்த கையும் போதும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் மாதிரி இடத்தில் லாக்கர் பெரிதாக எதுவும் செய்வதில்லை, 15 பிஎஸ்ஐ-க்கு டயரை இறக்கியவர் போய்விடுவார், இறக்காமல் லாக்கரைப் பூட்டியவர் இரண்டு பள்ளமாகத் தோண்டிக்கொண்டு உட்காருவார். (தேரியில் ஒரு பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது.)

ஜிம்னிக்காரர் முதல் வருடம் எதையும் மாற்றாமல் ஓட்டட்டும். அதற்குப் பிறகும் அதே பாறைத் தடங்களில் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் ஏர் லாக்கர், வாரண்டி முடிந்த பிறகு. ஜிப்சிக்காரரும் ஏர் லாக்கருக்குக் காசு சேர்க்கலாம், அதற்கு முன்னால் தன் ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பல்வரிசை) எண்ணிக்கையை எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடட்டும், தப்பான அளவு வந்தால் இறக்குமதிப் பொருளைத் திருப்பி அனுப்புவது சுலபமில்லை. புது வண்டியே எடுக்கப் போகிறவர், தடம்தான் முக்கியம் என்றால் கூர்க்காவையும், குடும்பத்தோடு தினமும் ஓடவேண்டும் என்றால் எலக்ட்ரிக் லாக்கர் இருக்கிற ராக்ஸையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். தனியாகவே போகிற பழக்கம் உள்ளவர் லாக்கருக்கு முன்னால் வின்ச்சை (கம்பிவடத்தால் வண்டியை இழுத்தெடுக்கும் கருவி) வாங்கட்டும், வயிறு தட்டி நிற்கிற வண்டியை எந்த லாக்கரும் எடுத்துவிடாது.

மாட்டுகிற நாளில்

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் லாக்கரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று நான் சொல்வது ஏர் லாக்கர் போட்டு ஊளைச் சத்தம் வாங்கிய அந்த அனுபவத்தால்தான். "டயல் கேஜ் இருக்கிறதா, தொடும் அடையாளத்தைப் போட்டோ எடுத்துக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள் (டயல் கேஜ் என்பது பேக்லாஷை அளக்கிற முள் கருவி). கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூடுவதற்கு முன் அந்த அடையாளம் பல்லின் நடுவில் விழுந்திருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிரீதர் குழாயை அதே நாளில் மேலே ஏற்றிக் கட்டிவிடச் சொல்லுங்கள், தனியாகச் செய்தால் மறுபடி கூலி.

வண்டி வந்ததும் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு ஆக்ஸில் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் இறக்குங்கள். ட்ரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போலக் கறுப்பாகக் கரைந்தால் புதுப் பல் தேய்ந்து படிகிற தூள், கவலை இல்லை. விரலில் செதிலாகக் குத்தினால் அன்றைக்கே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துங்கள், ஊளைச் சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.